டால்டன் விட்டுச்சென்ற கண்

குழந்தைகளே! ஜான் டால்டன் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்காதவர்கள், வீட்டிலுள்ள அண்ணன் அல்லது அக்காவின் அறிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். எல்லாப் பொருட்களும் அணுக்களால் ஆனவை, ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனித்தனி எடை உண்டு என்று கணக்குப் போட்டுச் சொன்ன இங்கிலாந்து விஞ்ஞானி அவர். அந்த அணுக்கொள்கையை எப்படியும் பள்ளியில் படித்துவிடுவீர்கள். அதனால் இன்று நாம் வேறு பக்கம் போவோம். டால்டனின் கண்ணுக்குள்ளே போவோம்!

அவர் இறந்து சுமார் 150 ஆண்டுகள் கழித்துக்கூட அந்தக் கண்ணை எடுத்து விஞ்ஞானிகள் சோதித்தார்கள். கண்ணைச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர் யார் தெரியுமா? சாட்சாத் டால்டனேதான்.

1766-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், வடக்கு இங்கிலாந்தில் கம்பர்லாந்து என்ற மலைப்பகுதியில், ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில் டால்டன் பிறந்தார். அப்பா ஜோசப் ஒரு நெசவாளர். வசதி இல்லாத வீடு. அவர்கள் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிமையாக வாழ வேண்டும், பளபளக்கும் நிறங்களில் உடை உடுத்தக் கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓர் அரசர் வரும்போது தேவைப்படும்!

டால்டனுக்கு 12 வயதானபோது ஊர்ப் பள்ளியில் சேர்ந்தார். மாணவனாக அல்ல, ஆசிரியராக! உங்கள் வயதுப் பையன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துவதை நினைத்துப் பாருங்கள். 15 வயதில் கெண்டல் என்ற ஊருக்குப் போய், அண்ணன் ஜொனாதனுடன் சேர்ந்து அங்குள்ள குவேக்கர் பள்ளியில் வேலை பார்த்தார்.

கெண்டலில் அவருக்கு ஓர் அருமையான குரு கிடைத்தார். அவர் பெயர் ஜான் காஃப். சிறு குழந்தையாக இருந்தபோதே அம்மை நோயால் இரண்டு கண்களிலும் பார்வையை இழந்தவர். ஆனாலும் லத்தீன், கிரேக்கம், கணிதம், இயற்கை அறிவியல் எல்லாம் கற்றவர். செடிகளைத் தொட்டும், முகர்ந்தும், நாக்கில் வைத்துப் பார்த்தும் இன்ன செடி என்று சொல்லிவிடுவார். டால்டனுக்கு லத்தீனும் கணிதமும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தினமும் வானிலையைக் கவனித்து நோட்டில் எழுதி வைக்கச் சொன்னவரும் அவர்தான். 1787 மார்ச் 24-இல் டால்டன் அந்த நோட்டைத் தொடங்கினார். எப்போது நிறுத்தினார் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

பார்வையற்ற ஒருவரிடம் பாடம் கேட்ட அந்த இளைஞருக்கே, தன் பார்வையில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்பது 26 வயது வரை புரியவில்லை. ஆச்சரியமாக இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் சிவப்பும் உங்கள் பக்கத்து பெஞ்சு நண்பன் பார்க்கும் சிவப்பும் ஒன்றுதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் கண்ணுக்குள் புகுந்து பார்க்க முடியாதே!

1790 வாக்கில் டால்டன் செடி கொடிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார். பூக்களின் நிறத்தைக் குறித்து வைக்க வேண்டும். அங்கேதான் தொல்லை வந்தது. ஒரு பூவைக் காட்டி, இது நீலமா, ரோஸா என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்பார். அவர்களோ இவர் கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரிப்பார்கள். டால்டன் உண்மையாகத்தான் கேட்டார். நிறங்களின் பெயர்களைத் தான் சரியாகக் கற்கவில்லை போலிருக்கிறது என்று அவர் தன்னைச் சமாதானம் செய்துகொண்டார்.

டால்டனைப் பற்றி ஒரு கதையும் உலவுகிறது. அம்மாவுக்கு அடக்கமான நிறம் என்று நினைத்துக் காலுறை வாங்கிப் போனாராம். பிரித்துப் பார்த்தால் பளீர்ச் சிவப்பாம்! பிற்காலத்தில் மற்றவர்கள் சொன்ன கதை இது. ஆனால் ஜெரேனியம் பூவின் கதையை டால்டனே எழுதி வைத்திருக்கிறார்.

1792-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். ஒரு நாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு ஜெரேனியம் பூவைத் தற்செயலாகப் பார்த்தார். அது ரோஸ் நிறப் பூ. பகல் வெளிச்சத்தில் அது அவர் கண்ணுக்கு வானத்தைப் போல நீலமாகத் தெரியும். மெழுகுவர்த்தி வெளிச்சத்திலோ அதில் நீலமே இல்லை! நீலத்துக்கு நேர் எதிரான ஒரு நிறமாக மாறிவிட்டது. அதை அவர் சிவப்பு என்று அழைத்தார். திகைத்துப்போய் நண்பர்களை அழைத்துக் காட்டினார். அவர்களுக்குப் பகலுக்கும் மெழுகுவர்த்திக்கும் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒருவர் மட்டும், பூ மாறிவிட்டது என்று டால்டனைப் போலவே சொன்னார். அவர், அண்ணன் ஜொனாதன்!

அப்போதுதான் டால்டனுக்குப் புரிந்தது. குறை நிறத்தின் பெயரில் இல்லை, பார்வையில்தான் இருக்கிறது. அது அவர்கள் குடும்பத்திலும் ஓடுகிறது.

வேறு யாராவதாக இருந்தால் வெட்கப்பட்டு மறைத்திருப்பார்கள். டால்டன் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். கண்ணாடிப் பட்டகத்தின் வழியே வரும் வானவில்லைப் பார்த்தார். நமக்கு ஏழு நிறம் என்று சொல்லித் தருகிறார்கள் அல்லவா? அவருக்குத் தெரிந்தவை மஞ்சளும் நீலமும், மிஞ்சிப் போனால் ஊதாவும்தான். ஆரஞ்சு, மஞ்சள், பச்சை எல்லாம் அவருக்கு ஒரே நிறத்தின் சாயல்கள். சிவப்பு இருக்கும் இடம் வெறும் நிழல் போல மங்கலாக இருந்தது. கடிதங்களுக்கு முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கையும் பச்சை லாரல் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம்.

தன் மாணவர்களிடமும் சோதித்தார். ஒரு வகுப்பில் 25 பேரில் 2 பேர் அவரைப் போலவே பார்த்தார்கள். இப்படித் தேடித் தேடி இன்னும் பலரைக் கண்டுபிடித்தார். அவர்களில் ஒரு பெண்கூட இல்லை என்பதையும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு எவ்வளவு முக்கியமானது என்று அவருக்கே தெரியாது.

1793-இல் மான்செஸ்டர் நகரத்தில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே இலக்கிய, தத்துவ சங்கம் என்று ஓர் அறிஞர் சபை உண்டு. 1794 அக்டோபர் 31-ஆம் நாள் அந்தச் சபையில் தன் பார்வையைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். நிறக்குருடு பற்றி முறையாக ஆராய்ந்து எழுதப்பட்ட முதல் கட்டுரைகளில் அது ஒன்று. பிரெஞ்சு, ஸ்பானியம், ரஷ்யன் போன்ற மொழிகளில் நிறக்குருட்டுக்கு டால்டனின் பெயரையே இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள்.

சரி, காரணம் என்ன? டால்டன் ஒரு விடை சொன்னார். நம் விழிக்குள் தெளிவான கூழ் போன்ற ஒரு திரவம் நிரம்பியிருக்கிறது. தன் கண்ணில் மட்டும் அது நீல நிறமாக இருக்க வேண்டும், அது சிவப்பு ஒளியை வடிகட்டி விழுங்கிவிடுகிறது என்றார். நீலக் கண்ணாடிக் காகிதம் வழியாகச் சிவப்புப் பூவைப் பாருங்கள், இருண்டு தெரியும். அது போலத்தான். உயிரோடு இருக்கும்போது இதைச் சோதிக்க வழியில்லை. அதனால் தான் இறந்த பிறகு கண்களை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்தார்.

அதன் பிறகு வாழ்க்கை வேகமாக ஓடியது. 1803-இல் அணு எடைகளின் முதல் பட்டியல். 1808-இல் புகழ்பெற்ற வேதியியல் நூல். உலகமே அவரைக் கொண்டாடியது. டால்டனோ கல்யாணம் செய்துகொள்ளாமல், மாணவர்களுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு மான்செஸ்டரிலேயே இருந்தார்.

இப்போது அரசர் வருகிறார்! 1832-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் டால்டனுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டத்துக்கான அங்கி பளீரென்ற சிவப்பு. 1834-இல் நான்காம் வில்லியம் அரசரைப் பார்க்கப் போக வேண்டும். அரண்மனைக்குப் போவதென்றால் இடுப்பில் வாள் வேண்டும். குவேக்கர்கள் வாளைத் தொட மாட்டார்கள். சார்லஸ் பாபேஜ் என்று கணினியின் முன்னோடி ஒருவர் உண்டு இல்லையா, அவர்தான் யோசனை சொன்னார். டாக்டர் அங்கி போட்டால் வாள் வேண்டாம்! ஆனால் அங்கி சிவப்பாயிற்றே, குவேக்கருக்கு அதுவும் ஆகாதே? டால்டனுக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை. அவர் கண்ணுக்கு அந்த அங்கி சிவப்பாகவே தெரியவில்லை. நிம்மதியாகப் போட்டுக்கொண்டு அரசரைப் பார்த்துவிட்டு வந்தார். பார்த்த குவேக்கர்கள் என்ன நினைத்தார்களோ!

1837-இல் பக்கவாதம் வந்து அவர் தளர்ந்துபோனார். ஆனாலும் வானிலை நோட்டை விடவில்லை. 1844 ஜூலை 26-ஆம் தேதி இரவு, நடுங்கும் கையால் அன்று பெய்த சிறு மழையைக் குறித்தார். மறுநாள் காலை இறந்துவிட்டார். நோட்டு தொடங்கி 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள்! சுமார் 40 ஆயிரம் பேர் அவருக்கு அஞ்சலி செலுத்த வந்தார்கள்.

மறுநாள், அவருக்கு வைத்தியம் பார்த்த ஜோசப் ரான்சம் என்ற மருத்துவர் டால்டனின் விருப்பத்தை நிறைவேற்றினார். ஒரு கண்ணில் இருந்த திரவத்தைச் சின்னக் கண்ணாடித் தட்டில் எடுத்துப் பார்த்தார். நீலம் இல்லை. தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. வயதானவர்களுக்கு இருப்பது போல லென்ஸ் மட்டும் கொஞ்சம் மஞ்சள். இன்னொரு கண்ணின் பின்பக்கத்தை வெட்டி, அதன் வழியாகச் சிவப்பு, பச்சைப் பொருட்களைப் பார்த்தார். அவருக்கு நிறம் மாறவே இல்லை. ஐம்பது ஆண்டுகளாக டால்டன் நம்பியிருந்த விடை தப்பு!

ரான்சம் அந்தக் கண்களைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. அவற்றின் மிச்சத்தை மான்செஸ்டரில் பத்திரப்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில், 1940 டிசம்பரில், அந்த நகரத்தின் மீது குண்டுகள் விழுந்தன. இலக்கிய, தத்துவ சங்கத்தின் கட்டடம் எரிந்தது. டால்டன் கைப்பட எழுதிய தாள்கள் பல சாம்பலாகிவிட்டன. கண் தப்பிப் பிழைத்தது.

திரவம் காரணமில்லை என்றால், வேறு எது? அதற்கு நாம் விழியின் பின்சுவரில் இருக்கும் விழித்திரைக்குப் போக வேண்டும். கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். கதையின் சுவையான இடமே இதுதான்.

விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்பவை குச்சி செல்கள். பகலில் நிறம் காண உதவுபவை கூம்பு செல்கள். கூம்பு செல்கள் மூன்று வகை. ஒன்று நீல ஒளியை அதிகம் பிடிக்கும். இன்னொன்று பச்சையை. மற்றொன்று சிவப்புப் பக்கத்து ஒளியை. மூன்று வகை இருக்க வேண்டும் என்று தாமஸ் யங் என்ற விஞ்ஞானி 1802-லேயே ஊகித்தார். டால்டனுக்குச் சிவப்பு வகை இல்லை என்றும் 1807-இல் சொன்னார். அதில் பாதி சரி. எந்தப் பாதி என்று இதோ சொல்கிறேன், பொறுங்கள்.

ஒரு கூம்பு செல்லுக்குத் தனியாக எந்த நிறமும் தெரியாது! எவ்வளவு ஒளி கிடைத்தது என்பதை மட்டுமே அது சொல்லும். மங்கலான சிவப்பா, பளிச்சென்ற பச்சையா என்று அதனால் பிரிக்க முடியாது. பிரிப்பதற்கு இரண்டு கூம்புகளை ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பிடும் வேலை செல்களின் இடை வரிசையில் தொடங்கி கேங்லியான் செல்களில் முடிகிறது. இவை விழித்திரையின் கடைசி வரிசைச் செல்கள். ஒரு கண்ணில் சுமார் 10 லட்சம் இருக்கும். இவற்றின் வால்களைக் கட்டாகக் கட்டியது போல இருப்பதுதான் மூளைக்குப் போகும் பார்வை நரம்பு. கோடிக்கணக்கான செல்கள் பார்த்ததை 10 லட்சம் வால்கள் வழியே அனுப்ப வேண்டுமே! அதனால் கேங்லியான் செல்கள் பார்த்ததை அப்படியே அனுப்புவதில்லை. வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு அனுப்புகின்றன.

காய்கறிக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் சிவப்புக் கூம்பின் செய்தி, மறு தட்டில் பச்சைக் கூம்பின் செய்தி. எந்தத் தட்டு இறங்குகிறது என்று காட்டும் முள்தான் ஒரு வகை கேங்லியான் செல். சிவப்பு அதிகமானால் மின்துடிப்புகளைச் சரசரவென்று அனுப்பும். பச்சை அதிகமானால் துடிப்பு குறையும். அதற்கு நேர் எதிராகத் துடிப்பவையும் உண்டு. இன்னொரு வகைத் தராசில் ஒரு தட்டில் நீலம், மறு தட்டில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து. அது நீலமா மஞ்சளா என்று சொல்லும் தராசு. நீல ஒளி பட்டால் துடிக்கும் இந்த வகைச் செல்லின் உருவத்தைக் குரங்கின் விழித்திரையில் டென்னிஸ் டேசி, பாரி லீ என்ற இருவர் 1994-இல் அடையாளம் கண்டார்கள். டால்டன் கட்டுரை வாசித்து அப்போது சரியாக 200 ஆண்டுகள்!

குரங்கு எதற்கு என்கிறீர்களா? நாய், பூனை, மாடு போன்ற பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இரண்டு வகைக் கூம்புகள்தான். மூன்று வகையும் இருப்பது மனிதர்கள், மனிதக் குரங்குகள், ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகள் போன்ற சில உயிர்களுக்குத்தான். பச்சை இலைகளுக்கு நடுவே பழுத்த பழத்தைக் கண்டுபிடிக்க இது நல்ல வசதி!

இப்போது டால்டனின் கண்ணைத் திறக்கலாம். 1990-களில் டேவிட் ஹன்ட், ஜான் மோலன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் அந்தப் பழைய கண்ணிலிருந்து விழித்திரையின் சிறு துணுக்கை எடுத்து, டி.என்.ஏ.வைச் சோதித்தார்கள். முடிவு 1995-இல் வெளியானது. சிவப்புக் கூம்புக்கான மரபணு அதில் இருந்தது. பச்சைக் கூம்புக்கான மரபணுதான் இல்லை! ஒரு வகை இல்லை என்று யங் சொன்னது சரி, அது சிவப்பு என்றது தப்பு.

டால்டனின் முதல் தராசில் ஒரு தட்டே இல்லை. ஒப்பிட ஆளில்லாததால் சிவப்பும் பச்சையும் அவருக்குப் பிரியவில்லை. ஆனால் நீலம், மஞ்சள் தராசு நன்றாகவே வேலை செய்தது. அவருடைய வானவில்லில் மஞ்சளும் நீலமும் மட்டும் தெரிந்தது அதனால்தான். ஜெரேனியம் பூவின் மர்மமும் விடுபடுகிறது பாருங்கள். ரோஸ் நிறப் பூ சிவப்பு, நீலம் இரண்டு ஒளிகளையும் திருப்பி அனுப்பும். பகலில் டால்டனின் தராசு நீலத்தின் பக்கம் சாய்ந்தது. மெழுகுவர்த்திச் சுடரில் நீல ஒளி மிகக் குறைவு. உடனே தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. நமக்கோ இரண்டாவது தராசும் இருப்பதால், பூ எப்போதும் சிவப்புச் சாயலோடு தெரிகிறது.

பெண்கள் யாரும் இல்லையே என்று டால்டன் குறித்தாரே, அதற்கும் விடை கிடைத்தது. சிவப்பு, பச்சைக் கூம்புகளின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஒன்றில் குறை இருந்தால் மற்றது உதவும். ஆண்களுக்கு ஒன்றுதான். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் 12 பேருக்கு ஒருவருக்கு ஏதாவது ஒரு வகை நிறக்குறை உண்டு. பெண்களில் 200 பேருக்கு ஒருவர்தான். உங்கள் வகுப்பில் யாராவது மரத்துக்குப் பழுப்பு இலை வரைந்தால் சட்டென்று சிரித்துவிடாதீர்கள். டால்டன் பூவைக் காட்டிக் கேட்டபோதும் இப்படித்தான் சிரித்தார்கள்.

இந்தக் கதையில் இன்னொரு டால்டனும் உண்டு. அவர் ஒரு குரங்கு! தென் அமெரிக்காவில் அணில் குரங்கு என்று ஒரு சின்னக் குரங்கு இருக்கிறது. அதில் ஆண் குரங்குகள் எல்லாமே சிவப்பு, பச்சை பிரித்தறியாதவை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜே நைட்ஸ், மௌரீன் நைட்ஸ் என்ற தம்பதியரின் ஆய்வுக்கூடத்தில் அப்படி இரண்டு ஆண் குரங்குகள் இருந்தன. ஒன்றின் பெயர் சாம். இன்னொன்றுக்கு நம்மவரின் நினைவாக டால்டன் என்று பெயர். அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஊசி போட்டு, தீங்கில்லாத வைரஸ் மூலம் மனிதனின் சிவப்புக் கூம்பு மரபணுவைச் செலுத்தினார்கள். முடிவு 2009-இல் வெளியானது.

சுமார் 20 வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குரங்குகள் சாம்பல் நிறப் புள்ளிகளுக்கு நடுவே சிவப்பும் பச்சையுமான புள்ளிகளைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தன! புதிதாக வந்த தட்டை அந்த வளர்ந்த குரங்குகளின் தராசு ஏற்றுக்கொண்டுவிட்டது. மனிதர்களின் நிறக்குருட்டுக்கு இந்தச் சிகிச்சை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. டால்டன் குரங்குக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? திரையில் சரியான இடத்தைத் தொட்டால் ஒரு மடக்கு திராட்சைச் சாறு கிடைக்கும். அது தொட்டுத் தொட்டுக் குடித்துக்கொண்டிருந்தது.